சுவரில் எழுதிய தேதி

நாஷ்வில், டென்னசி
9 செப்டம்பர் 1957

அண்ணிக்கு,

இதற்குப் பதில் வராது என்று தெரிந்தேதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பாத்திரம் தேய்க்கும். அண்ணன் சொல்வானே, "உங்க அண்ணி கோவிச்சுக்கிட்டா நம்ம வீட்டு வாணலியில முகம் பாத்துச் சவரம் பண்ணலாம்"னு. பிரைமர் க்ரீக்கிலேயே இப்போது பளபளக்கிற வாணலி உங்களுடையதாகத்தான் இருக்கும்.

நாஷ்வில் வந்து மூன்று வாரம். தங்கியிருக்கிற வீட்டில் என்னோடு ஐந்து பெண்கள். ஐந்து பேரும் பாட வந்தவர்கள். காலையில் குளியலறை வாசலில் வரிசையாக நின்று ஆளுக்கொரு பாட்டு முனகுகிறோம். வீட்டுக்காரிக்குக் காது கேட்காது. அதனால்தான் பாட்டுக்காரிகளுக்கு இடம் விடுகிறாள் என்று பேச்சு.

நேற்று ஒலிப்பதிவு. மைக் முன்னால் போய் நின்றேன். பழக்கதோஷம், இடதுபக்கம் ஒரு அடி இடம் விட்டு நின்றிருக்கிறேன். இசைத்தட்டுக் கம்பெனி வாடெல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். "யாருக்கும்மா இடம் விட்டு நிக்கிற? நடுவுல வா." வந்தேன். பாட ஆரம்பித்ததும் மறுபடி ஒதுங்கிவிட்டேன். மூச்சும் போதவில்லை. நாம் சேர்ந்து பாடும்போது நான் மூச்சு எடுக்கிற இடத்தில் நீங்கள் இழுத்துப் பிடித்திருப்பீர்கள், நீங்கள் எடுக்கிற இடத்தில் நான். எட்டு வருடத்தில் ஒரு வரியைக்கூட நான் முழுசாக ஒரே மூச்சில் பாடினதில்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

கடைசியில் வாடெல் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் பாட்டை மட்டும் பதிவு செய்தார். பிறகு அதையே என் காதில் மாட்டி, அதைக் கேட்டபடி மேல்குரலையும் என்னையே பாடச் சொன்னார். உங்கள் பகுதியை நானே பாடினேன், அண்ணி. ஒரு சுரம் மாறவில்லை. கேட்டால் இரண்டு பேர் பாடுகிற மாதிரியே இருக்கிறது.

நான் எழுதின சுரங்கப் பாட்டைத்தான் பாடினேன். "சுவர்ல தேதியா? அது என்ன தேதி?" என்றார் வாடெல். விளக்க வேண்டியிருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் ஆள்கள் இறங்குவதற்கு முன்னால் ஒருவர் தனியாக உள்ளே நடந்து வெடிக்கிற வாயு இருக்கிறதா என்று பார்ப்பார், விளக்குச் சுடர் நீண்டால் வாயு, நீளாவிட்டால் சாக்பீஸால் தன் பெயரையும் அன்றைய தேதியையும் சுவரில் எழுதிவிட்டு வருவார், அந்தத் தேதியைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் வேலையைத் தொடுவார்கள், எங்கள் அண்ணன் எஸ்டிலுக்கு அதுதான் வேலை என்றேன். சுரங்கம் வெடித்துப் பதினாறு பேர் செத்த பிறகும் அண்ணன் எழுதிய தேதி சுவரில் அப்படியே இருந்ததையும், செத்தவர்களில் ஒருவனான பர்ல் நேப்பியரின் சாப்பாட்டு டப்பாவில், உள்ளே கொண்டுபோகக் கூடாத தீப்பெட்டி கிடைத்ததையும் சொன்னேன். "இதுதான் உன் முதல் இசைத்தட்டு" என்றார் வாடெல்.

கண்காட்சி மேடையிலிருந்து வரும் வழியில் வண்டியில் நான் சொன்னது தப்புதான். அண்ணன் மேல் உங்களுக்குப் பாசமே கிடையாது என்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நான் வேறென்ன நினைப்பேன், சொல்லுங்கள். ஒன்றரை வருடமாக அந்தப் பாட்டில் அண்ணனைப் பற்றிய மூன்றாவது சரணம் வந்தால் உங்களுக்கு இருமல் வரும், தாகம் எடுக்கும். அன்று ஆயிரம் பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள். நடுவில் இறங்கியும் போய்விட்டீர்கள். செத்தவனுக்கு ஒரு பாட்டுகூட முழுசாகப் பாட மாட்டாளா ஒரு மனைவி?

பதில் எழுதினால் சந்தோஷம்.

வெர்டி


பிரைமர் க்ரீக், கென்டக்கி
22 செப்டம்பர் 1957

வெர்டி,

வாணலி தேய்த்தது உண்மைதான்.

என் பகுதியை நீயே பாடினதற்கு என்னிடம் அனுமதி கேட்கிறாயா, பெருமை அடிக்கிறாயா என்று தெரியவில்லை. பாடிக்கொள். நான் பூட்டி வைத்திருந்த பொருள் இல்லை அது. நடுவில் நிற்கப் பழகு. வரியின் பாதியில் மூச்சு முட்டினால் வயிற்றிலிருந்து எடு, தோளைத் தூக்காதே. தோளைத் தூக்கினால் நீ பயந்த கோழி மாதிரி இருப்பாய் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பாட்டை வெளியே விடாதே. உன்னிடம் நாற்பது பாட்டு இருக்கிறது. ரயில் பாட்டு இருக்கிறது, உங்கள் அப்பாவின் கோவேறு கழுதைப் பாட்டு இருக்கிறது. அதில் ஒன்றைக் கொடு. ஏன் என்று கேட்காதே.

இங்கே எல்லாம் அப்படியேதான். சுரங்க மேலாளர் போன வாரம் வந்து பார்த்துவிட்டுப் புகைபோக்கியைச் சரிசெய்ய ஆள் அனுப்பினார். "எஸ்டில் கடமை தவறாத மனுஷன். நீ இருக்கிற வரைக்கும் இந்தக் கம்பெனி வீடு உனக்குத்தான், லவினா" என்றார். பர்லின் மனைவி ஐவியை ஒரே மாதத்தில் வீட்டைக் காலி பண்ண வைத்தவர் அவர்தான். அவள் ஓடைக்கு மேலே ஒரு தகரக் குடிசையில் சின்னக் குழந்தையோடு இருக்கிறாள். அவித்த பீன்ஸும் சோளரொட்டியும் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவேன். யார் வைத்தது என்று அவளுக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லவினா


நாஷ்வில்
12 ஜனவரி 1958

அண்ணிக்கு,

கோவேறு கழுதைப் பாட்டைக் கொடு என்று எழுதியிருந்தீர்கள். கொடுத்தேன். தட்டின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். முன்பக்கம் எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், ரேடியோவைத் திருப்பினால் போதும்.

அண்ணி, நான் இப்போது நடுவில் நிற்கிறேன். ஆறு வாரத்தில் பதினெட்டு ஊர். பள்ளிக்கூட அரங்கம், சினிமாக் கொட்டகை, ஒரு ஊரில் மாட்டுச் சந்தைக் கொட்டகை. சுவரொட்டியில் என் பெயர் மட்டும் இருக்கிறது. முதலில் பார்த்தபோது வார்த்தை விட்டுப்போன மாதிரி இருந்தது. நம்மைச் சகோதரிகள் என்றே நினைத்த ஜனங்கள் இன்னும் கேட்கிறார்கள், "அக்கா எங்கம்மா?" என்று. "புருஷன் செத்துட்டாரு, இப்ப பாடறதில்ல" என்கிறேன். பொய் இல்லையே.

ஒன்றை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் இல்லாதது முதலில் பயமாக இருந்தது. இப்போது பிடித்திருக்கிறது. பாட்டைக் கொஞ்சம் இழுக்கலாம், நிறுத்தலாம், யாரையும் பார்க்க வேண்டியதில்லை. என் மூச்சு எனக்கே போதுமானதாகிவிட்டது. மூன்றாவது சரணத்தைப் பாடும்போது கொட்டகையில் ஒரு நாற்காலிகூட அசைவதில்லை.

"என் அண்ணன் போட்ட தேதி இன்னும் சுவர்ல இருக்கு,
அவன் நடந்து போன தடம் கரியில இருக்கு."

இதைப் பாடக் கூடாதா? ஏன் என்று கேட்காதே என்கிறீர்கள். கேட்காமல் எனக்கு வேறு பதில்தான் தோன்றுகிறது. அதை எழுதிவிடுகிறேன், அப்புறம் உங்கள் இஷ்டம். உங்களுக்குப் பொறாமை.

வெர்டி


பிரைமர் க்ரீக்
3 பிப்ரவரி 1958

வெர்டி,

இன்றோடு இரண்டு வருடம். கல்லறைக்குப் போய்ப் பனியைத் தள்ளிவிட்டு வந்தேன்.

பொறாமை இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் குரலுக்கு மேலே நீயே என் குரலை வைத்துப் பாடியிருப்பதைக் கடையில் நின்று கேட்டேன். உப்பு வாங்கப் போனவள் உப்பு வாங்காமல் வந்தேன். ஆனால் நான் கேட்பது அதற்காக இல்லை.

அன்று கடைக்கு ஐவியும் வந்தாள். கல்லாவில் இருக்கும் பெண் அவளைப் பார்த்ததும் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். இரண்டாவது சரணம் ஓடிக்கொண்டிருந்தது.

"சாப்பாட்டு டப்பாவில தீப்பெட்டி வச்சான் ஒருத்தன்,
பதினஞ்சு வீட்டு அடுப்ப அணைச்சான்."

ஐவி மாவுப் பையைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். கிறிஸ்துமஸிலிருந்து தினமும் காலையில் அவள் வாசற்படியில் யாரோ எரிந்த தீக்குச்சிகளைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்கிறார்கள். அவள் குழந்தை, நெல் என்று பெயர், அதைப் பொறுக்கி விளையாடுகிறது.

பாட்டு வருவதற்கு முன்னாலும் பேச்சு இருந்தது. ஆனால் பேச்சு கொஞ்ச நாளில் ஓய்ந்துவிடும். நீ அதை மறக்க முடியாதபடி நன்றாக எழுதிவிட்டாய். இரண்டாவது சரணத்தையாவது எடுத்துவிடு, வெர்டி. கெஞ்சிக் கேட்கிறேன்.

லவினா


நாஷ்வில்
20 ஏப்ரல் 1958

அண்ணிக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். என் அண்ணனைக் கொன்றவன் பெண்டாட்டிக்கு நீங்கள் பீன்ஸ் அவித்துக்கொண்டு போகிறீர்கள். போங்கள், அது உங்கள் மனசு. ஆனால் அவனுக்காக என் பாட்டை வெட்டச் சொல்லாதீர்கள். நான் பொய் எழுதவில்லை. விசாரணையில் வந்ததைத்தான் எழுதினேன். தீப்பெட்டி இருந்ததா இல்லையா? தேதி சுவரில் இருந்ததா இல்லையா? பாட்டில் ஒரு பொய் காட்டுங்கள், அந்த நிமிஷமே நிறுத்துகிறேன்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும், மே மாதக் கடைசி ஞாயிறு கல்லறை அலங்கார நாளில் செத்தவர்கள் பெயர் பொறித்த கல்லைத் திறக்கிறார்கள். பதினைந்து பெயர். பர்ல் பெயர் வேண்டாம் என்று ஊரே சொல்லியிருக்கிறது. பாதிரியாரும் சுரங்க மேலாளரும் என்னை வந்து பாடச் சொல்லி எழுதியிருக்கிறார்கள். வாடெலும் வருகிறார், பத்திரிகைக்குப் படம் எடுக்க ஆள் கூட்டிக்கொண்டு.

அண்ணி, அன்றைக்கு ஒரு நாள் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். மேல்குரல் கொடுங்கள். இடதுபக்கம் இடம் விட்டு நிற்கிறேன். அண்ணன் கல்லறைக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் பாடினால் மற்றதெல்லாம் போய்விடும்.

வெர்டி


பிரைமர் க்ரீக்
4 மே 1958

வெர்டி,

பாட்டில் ஒரு பொய் காட்டச் சொன்னாய். உட்கார்ந்துகொண்டு படி.

உன் அண்ணன் அன்று காலை வாயு பார்க்க உள்ளே நடக்கவில்லை.

சுவரில் இருந்த தேதி அவர் எழுதியதுதான். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் எழுதியது. வியாழக்கிழமையே உள்ளே போய், எட்டு இடத்திலும் வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டுவிட்டு வந்தார். பனிக்காலத்தில் வாயு பார்க்கிற எல்லோரும் எப்போதாவது இப்படிச் செய்வார்கள். இவருக்கு முன்னால் இருந்தவர் வாரத்துக்கு ஒரு நாள் செய்வார். ஒன்றும் ஆனதில்லை, அதனால்தான் செய்தார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நம் பாட்டு நிகழ்ச்சிக்காக நான் ஹார்வில் ரேடியோ நிலையத்துக்கு எப்படி வந்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. நீ அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாய். வெள்ளிக்கிழமை தோறும் வருகிற மாதிரி பால் லாரியில் வந்தேன் என்று நினைத்திருப்பாய். அந்த வாரம் மலைப்பாதை உறைந்து கிடந்தது. பால்காரர் வியாழன் மத்தியானமே "நாளைக்கு வண்டி எடுக்கமாட்டேன்மா" என்று சொல்லிவிட்டார். "விடுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றேன் உன் அண்ணனிடம். மேசைமேல் உன் கடிதம் கிடந்தது. எடுத்துப் படித்தார். சிரித்தார். "நீ போகலன்னா அவ நம்ம ரெண்டு பேரையும் தோல உரிச்சுடுவா. நான் கொண்டுபோய் விடறேன்" என்றார். "அப்ப வேலை?" என்றேன். "ஒரு நாள்தானடி" என்று சொல்லிவிட்டு சாக்பீஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மேலே சுரங்கத்துக்குப் போனார். நான் தடுக்கவில்லை, வெர்டி. எனக்கும் நாஷ்வில்காரர் முன்னால் பாட ஆசை இருந்தது.

விடியுமுன் கிளம்பி வந்தோம். யாரும் பார்க்கக் கூடாது என்று தெருமுனையிலேயே இறக்கிவிட்டார். "நல்லா பாடு" என்றார், வண்டியைத் திருப்பினார். ஏழு மணி ஷிப்டுக்கு ஆள்களோடு ஆளாகச் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறார். வாடெல் நம் கையைக் குலுக்கி "ரெண்டு பேரும் நாஷ்வில் வாங்க" என்று சொன்னாரே, அப்போது மணி ஏழரை. அதே ஏழரைக்குத்தான் வெடித்தது.

அவர் நடந்து பார்த்திருந்தால் சுடர் நீண்டிருக்கும். யாரும் இறங்கியிருக்க மாட்டார்கள். தீ எதிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, வெட்டும் மெஷினின் பொறியாகக்கூட இருக்கலாம். பர்ல் தீப்பெட்டி வைத்திருந்தது நிஜம். வெளியே வந்ததும் பைப்பில் புகை பிடிப்பான், ஊருக்கே தெரியும். வாயு இல்லாத இடத்தில் தீக்குச்சி யாரைக் கொல்லும்?

இதை நான் சொல்லாததற்கு இரண்டு காரணம். ஒன்று இந்த வீடு. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் பெரிய காரணம். இன்னொன்று நீ. அந்தப் பழைய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். இதை உனக்குக் காட்டாமலே செத்துப்போக வேண்டும் என்றுதான் இருந்தேன். ஐவி வீட்டு வாசலில் இன்று காலையும் தீக்குச்சி கிடந்தது.

மெழுகில் தோய்த்த காகிதப் பூ செய்துகொண்டிருக்கிறேன், கல்லறைகளுக்கு. பதினைந்து போதும் என்றார்கள். நான் பதினாறு செய்கிறேன்.

லவினா


[உள்ளே வைத்திருந்தது]

ஹார்வில், கென்டக்கி
29 ஜனவரி 1956

அண்ணி,

நாஷ்வில்காரர் ஒருவர் வருகிறார்! பெயர் வாடெல். இந்த வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சியை நேரில் கேட்கப்போகிறார். பனி பெய்கிறது, கால் வலிக்கிறது, கோழிக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சாக்குச் சொன்னீர்களோ, நான் உங்கள் நாத்தனார் என்பதையே மறந்துவிடுங்கள். நடந்தாவது வாருங்கள். அண்ணன் முதுகில் ஏறியாவது வாருங்கள். எப்படி வருவீர்களோ எனக்குத் தெரியாது, வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு நீங்கள் என் இடதுபக்கத்தில் நிற்க வேண்டும். வாழ்க்கை முழுக்க இந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.

முத்தங்களோடு,
வெர்டி


நாஷ்வில்
17 மே 1958

அண்ணி,

கிடைத்தது. என் கையெழுத்துத்தான்.

அந்தப் பாட்டைப் பாட மாட்டேன். கல்லில் பதினாறாவது பெயரையும் போடச் சொல்லிப் பாதிரியாரிடம் பேசுகிறேன். நம்புங்கள்.

வேறு எதுவும் எழுத வரவில்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இது வேறு யாருக்காவது தெரியுமா?

வெ.


பிரைமர் க்ரீக்
15 ஜூன் 1958

வெர்டி,

நீ கேட்ட கடைசிக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கல் திறந்த அன்று முதலில் பக்திப் பாட்டுத்தான் பாடினாய். அப்போது நான் கர்த்தருக்கு நன்றிகூடச் சொன்னேன். பிறகு கூட்டம் கத்த ஆரம்பித்தது. "சுரங்கப் பாட்டு! சுரங்கப் பாட்டைப் பாடும்மா!" மேலாளர் கைதட்டினார். நீ என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நீ வாடெலைப் பார்த்தாய், படம் எடுப்பவனைப் பார்த்தாய், கிதாரை மீட்டிவிட்டாய். ஐவி வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது சரணம் முடிகிறவரை நின்றாள்.

மூன்றாவதில் வலதுபக்கம் ஒரு அடி ஒதுங்கினாய். எனக்கு இடம் விட்டாயாக்கும். அழகாகப் பாடினாய், அதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சு இப்போது நன்றாக நிற்கிறது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும். சாக்பீஸ், வியாழக்கிழமை, வண்டி, எல்லாம். உன் கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது உன்னுடையது, நீயே சொல்லிக்கொள்.

நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒருத்தராவது பேசுவார்கள் என்று நினைத்தேன். ஐவி மூன்று நாள் கழித்து வந்தாள். உள்ளே வரவில்லை. "ரெண்டு வருஷம்" என்றாள். "ஆமா" என்றேன். திரும்பிப் போய்விட்டாள். அந்த வாரமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லி மேலாளரிடமிருந்து காகிதம் வந்தது. உன் அண்ணன் கல்லறையில் நான் வைத்த பூவை யாரோ பிடுங்கி ஓடையில் போட்டிருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் என் வாசற்படியில் இப்போது சாக்பீஸ் துண்டுகள் கிடக்கின்றன.

கல்லில் பெயர் பதினைந்துதான். பாதிரியாரிடம் யாரும் எதுவும் பேசவில்லையாம். கேட்டுப் பார்த்தேன்.

லவினா


லிட்டில் ராக், ஆர்கன்சா
2 நவம்பர் 1958

அண்ணிக்கு,

டேட்டன் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். விலாசம் கிடைக்க இவ்வளவு நாள் ஆகிவிட்டது. ஐவியும் உங்களோடு வந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். நான் அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அன்று ஏன் பாடினேன்? பாடாவிட்டால் ஏன் பாடவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், அண்ணி. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்குத் தைரியம் இல்லை.

வாடெலிடம் கேட்டேன், தட்டை நிறுத்த முடியுமா என்று. சிரித்துவிட்டார். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். இரண்டாவது சரணத்தையாவது விடலாம் என்று மெம்பிஸில் விட்டுப் பார்த்தேன். முதல் சரணம் முடிந்ததும் நேராக மூன்றாவதற்குப் போனேன். ஜனங்கள் என்னை நிறுத்திவிட்டு, நான் விட்ட சரணத்தைத் தாங்களே பாடினார்கள். ஒரு வார்த்தை தவறாமல், அண்ணி. முன்வரிசையில் ஒரு சிறு பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

இதைக் கேளுங்கள். மூன்றாவது சரணம் இப்போது எனக்கு வருவதில்லை. "என் அண்ணன் போட்ட தேதி" என்று எடுத்ததும் தொண்டை அடைத்துவிடுகிறது. உங்களுக்கு இருமல் வருமே, அதே இடம். நின்றுவிடுகிறேன். நான்கு எண்ணிக்கை, ஐந்து எண்ணிக்கை. ஜனங்கள் நான் அண்ணனை நினைத்து அழுகிறேன் என்று நினைக்கிறார்கள். பெண்கள் கைக்குட்டையை எடுக்கிறார்கள். பிறகு எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். வேறு எந்தப் பாட்டுக்கும் அவ்வளவு கைதட்டல் இல்லை. போன வாரம் வாடெல் சொன்னார், "அந்த இடத்துல நிக்கிற பாரு, பிரமாதம். அதை விட்டுடாத. தினமும் அப்படியே பண்ணு."

தினமும் அப்படியே பண்ணுகிறேன். நிஜமாக நிற்கிறேனா, அவர் சொன்னதற்காக நிற்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க யோக்கியதை இல்லை. ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

வெர்டி


டேட்டன், ஒஹாயோ
14 டிசம்பர் 1958

வெர்டி,

திட்ட நேரமில்லை. நான் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் நிற்கிறேன், ஐவி சலவைக்கூடத்தில். மாடியில் இரண்டு அறை. பிரைமர் க்ரீக் ஆள்கள் இந்தத் தெருவிலேயே நாலு வீட்டில் இருக்கிறார்கள், எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். ஐவி என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டு பேர் கூலி இல்லாமல் இந்த ஊரில் வாடகை கொடுக்க முடியாது, அதனால் சேர்ந்து இருக்கிறோம். சாப்பிடும்போது பேசிக்கொள்கிறோம். சில நாள் அதுவும் இல்லை.

குழந்தை நெல்லுக்கு நாலு வயது. இடது கண் மட்டும் கொஞ்சம் சுருங்கும், பர்லுக்கு அப்படித்தான். காது ரொம்பக் கூர்மை. ஒரு தடவை கேட்டால் பிடித்துக்கொள்கிறது.

கீழ்வீட்டுக்காரி நாள் முழுக்க ரேடியோ வைக்கிறாள். போன ஞாயிறு ஐவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், நான் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தேன். குழந்தை தரையில் உட்கார்ந்து தானாகப் பாட ஆரம்பித்தது. உன் பாட்டு. சுருதி சுத்தமாக இருந்தது. நான் பாழாய்ப் போனவள், எனக்குத் தெரியாமலே மேல்குரல் போட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் வார்த்தை காதில் விழுந்தது. அது பாடிக்கொண்டிருந்தது இரண்டாவது சரணம்.

ஐவி திரும்பவில்லை. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு நின்றாள்.

முழுவதையும் பாடி முடித்துவிட்டுக் குழந்தை என் மடியில் வந்து உட்கார்ந்தது. "அத்த, டப்பாவில தீப்பெட்டி வச்சானே, அவன் யாரு?" என்று கேட்டது.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. தினமும் கேட்கிறது. வார்த்தை எழுதுகிறவள் நீதான், வெர்டி. என்ன சொல்லட்டும் என்று எழுதி அனுப்பு.

லவினா